கணினி வெட்டும் இரும்பு: ஒட்டுப்பட்டறை தொடங்க நினைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

கடற்கோளும் யுத்தமும் அடுத்தடுத்து வந்துபோன வாகரைப் பிரதேசத்தில் 2007 ஆம் ஆண்டின் பின்னர் மக்கள் திரும்பி வந்தபோது, வீடுகளில் கதவு இருக்கவில்லை. பாடசாலைகளில் கேற் இருக்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டிகள் துருப்பிடித்துக் கிடந்தன. இரும்பு வேலை தெரிந்தவருக்கு ஊரில் வேலை இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆகவேதான் வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களில் பலர் "ஒட்டுப்பட்டறை" என்று எழுதுகிறார்கள். அண்மைக்காலமாக அதனுடன் இன்னொரு சொல்லும் சேர்ந்து வருகிறது: கணினியால் இயங்கும் பிளாஸ்மா வெட்டு இயந்திரம். தொலைபேசியில் அதன் படக்காட்சியைப் பார்த்தவர்கள், அது கிடைத்தால் ஊரில் வேறு பட்டறையே தேவையில்லை என்று நினைக்கிறார்கள்.

அந்த இயந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது, அதற்கு என்னென்ன வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால், கிடைக்கும் சிறு தொகையை எதில் போடுவது என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

பிளாஸ்மா என்பது என்ன?

காஸ் வெட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். அசற்றிலீன் சுவாலையால் இரும்பைச் செந்நிறமாகும்வரை, ஏறத்தாழ 900 பாகை வரை சூடாக்கிவிட்டு, அதன்மேல் தூய ஒட்சிசனைப் பாய்ச்சுவார்கள். அங்கே இரும்பு உருகி ஓடுவதோடு எரியவும் செய்கிறது. எரிந்த கசடு கீழே விழ, வெட்டு உண்டாகிறது. இதனால்தான் காஸ் வெட்டினால் துருப்பிடிக்காத உருக்கையோ அலுமினியத்தையோ வெட்ட முடிவதில்லை. அவை அந்த விதமாக எரியமாட்டா.

பிளாஸ்மா வெட்டில் எரிப்பது இல்லை, உருக்கி ஊதுவதுதான். ஒட்டும்போது கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே தோன்றும் மின்வில்லைப் பார்த்திருப்பீர்கள். அந்த வில்லை ஒரு சிறு செம்புத் துளைக்குள் நெருக்கி, அதனூடாக அழுத்தமான காற்றையும் செலுத்தினால், காற்று மின்னைக் கடத்தக்கூடிய நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். அதன் வெப்பம் 20,000 பாகையைத் தொடும். மின்னைக் கடத்தும் எந்த உலோகத்தையும் அது உருக்கி, உருகியதை அப்போதே கீழே ஊதித் தள்ளிவிடும். 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் யூனியன் கார்பைட் நிறுவனத்தின் லிண்டே பிரிவில் ஒட்டுவேலைக்கான டோர்ச்சை வைத்து ஆராய்ந்தவர்கள் இதனைக் கண்டனர். றொபர்ட் கேஜ் என்பவர் பெயரில் 1957 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. துளையைக் குறுக்கினால் வில் கூர்மையாகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. இன்றைய இயந்திரங்கள் அனைத்தும் அதன்மேல்தான் நிற்கின்றன.

6 மில்லிமீற்றர்த் தகட்டைக் காஸினால் வெட்டினால் நிமிடத்துக்கு அரை மீற்றர் அளவில் போகலாம். 45 அம்பியர் பிளாஸ்மாவால் அதே தகட்டை நிமிடத்துக்கு ஒரு மீற்றருக்கு மேல் வெட்டலாம். முன்கூட்டிச் சூடாக்கும் நேரமும் இல்லை. மெல்லிய தகடு வெப்பத்தால் நெளிவதும் குறைவு. ஆனால் 25 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பான இரும்பு என்றால் சிறிய பிளாஸ்மா உதவாது. அங்கே காஸ் வெட்டுக்குத்தான் இன்னமும் மதிப்பு. கையிலுள்ள காஸ் செற்றை விற்றுவிட்டு வரவேண்டாம்.

கணினி எங்கே வருகிறது?

பிளாஸ்மா டோர்ச்சைக் கையால் பிடித்தும் வெட்டலாம். கணினி செய்வது அந்தக் கையின் வேலையை. ஒரு மேசை, அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பாலம், பாலத்தில் இடமும் வலமும் ஓடும் ஒரு டோர்ச், அதனை மேலும் கீழும் நகர்த்த இன்னொரு மோட்டார். இவ்வளவுதான். நீங்கள் வரைந்த படத்தைக் கணினி, "இந்தப் புள்ளிக்குப் போ, வில்லை மூட்டு, இந்த வேகத்தில் இந்தப் புள்ளி வரை நகர், வில்லை அணை" என்ற கட்டளைகளாக மாற்றி மோட்டார்களுக்கு அனுப்புகிறது.

மேலும் கீழும் நகர்த்தும் அந்த மோட்டாரைச் சிறிய விடயமாக எண்ணாதீர்கள். வெட்டும்போது டோர்ச்சின் முனை தகட்டிலிருந்து ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். துளைக்கத் தொடங்கும்போது அதைவிட இருமடங்குக்கு மேலான உயரம், ஏறத்தாழ 3.8 மில்லிமீற்றர் வேண்டும். இல்லாவிட்டால் மேலே தெறிக்கும் உருகிய இரும்பு முனையை அடைத்துவிடும். வெயிலில் கிடந்த தகடு எப்போதும் நேராக இருப்பதில்லை. வெட்ட வெட்ட அது இன்னும் மேலெழும். ஆகவே நல்ல இயந்திரங்கள் வில்லின் வோல்ற்றளவை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். உயரம் கூடினால் வோல்ற்றளவும் கூடும். உடனே டோர்ச் கீழிறங்கும். விலை மலிவான மேசைகள் சிலவற்றில் இந்த ஏற்பாடு இருப்பதில்லை. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. மேசையின் நீள அகலம் பிறகு.

இனி, வெட்டின் அகலம். 45 அம்பியரில் டோர்ச் போன வழியில் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் இரும்பு இல்லாமற் போகிறது. கோட்டின்மேலேயே டோர்ச்சை ஓடவிட்டால் 100 மில்லிமீற்றர்த் துண்டு 98.5 ஆகச் சிறுக்கும். 20 மில்லிமீற்றர்த் துளை 21.5 ஆகப் பெருக்கும். ஆகவே துண்டுக்கு வெளிப்பக்கமாகவும், துளைக்கு உட்பக்கமாகவும் அரை அகலம் தள்ளி ஓடும்படி கணினிக்குச் சொல்ல வேண்டும். காற்றுச் சுழன்று வருவதனால், டோர்ச் போகும் திசைக்கு வலப்புற விளிம்பு நேராகவும் இடப்புற விளிம்பு சற்றுச் சரிந்தும் இருக்கும். துண்டின் வெளிவிளிம்பை மணிக்கூட்டு முள் போகும் திசையிலும், உட்துளையை எதிர்த்திசையிலும் வெட்டுவது இதற்காகத்தான். தகட்டின் தடிப்பைவிடச் சிறிய துளையைப் பிளாஸ்மாவிடம் கேட்காதீர்கள். அதைத் துளைபொறியால் போடுவதே அழகு.

மின்சாரமும் காற்றும்

பட்டறை வைக்க விரும்புவோர் பலர் இயந்திரத்தின் விலையை மட்டும் விசாரிக்கிறார்கள். வாகரை, கதிரவெளி, பனிச்சங்கேணிப் பக்கங்களில் உண்மையான தடை வேறு.

45 அம்பியர் டோர்ச்சின் வில் ஏறத்தாழ 130 வோல்ற்றில் எரிகிறது. இரண்டையும் பெருக்கினால் 6 கிலோவாற்று அளவு வரும். இயந்திரத்துக்குள் இழக்கப்படுவதையும் சேர்த்தால், 230 வோல்ற்று ஒருமுனை இணைப்பிலிருந்து அது 28 முதல் 30 அம்பியர் வரை இழுக்கும். உங்கள் வீட்டு இணைப்பே பெரும்பாலும் 30 அம்பியர்தான். அதனோடு 3 குதிரைவலுக் கொம்பிறசரும் ஓடவேண்டும். அதற்கு இன்னும் 10 அம்பியருக்கு மேல். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் பிறேக்கர் விழும். ஆகவே 45 அம்பியர் இயந்திரம் என்றால் மும்முனை இணைப்பு எடுக்க வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பதற்கு முன், உங்கள் வீதியால் போகும் கம்பி மும்முனைக் கம்பிதானா என்று பாருங்கள். உள்வீதிகளில் ஒருமுனைக் கம்பி மட்டுமே இருந்தால், புதிய கம்பி இழுக்கும் செலவும் உங்கள் தலையில் வரக்கூடும். மின்பிறப்பாக்கி வைத்துச் சமாளிக்கலாம் என்றால், 12 கிலோவாற்றுக்குக் குறையாத ஒன்று வேண்டும். டீசல் செலவு உங்கள் கூலியைத் தின்றுவிடும்.

30 அம்பியர் வகை இயந்திரம் இதில் பாதியளவுதான் இழுக்கும். வீட்டு இணைப்பில் கொம்பிறசருடன் சேர்த்து ஓரளவு ஓட்டலாம். 6 மில்லிமீற்றர் வரையிலான வேலைக்கு அது போதும். கேற், கிறில், பெட்டித் தகடு, கட்டில் சட்டம் என்று ஊரில் வரும் வேலைகளில் பெரும்பகுதி அந்தத் தடிப்புக்குள் அடங்கும்.

காற்றும் செலவில்லாத பொருள் அல்ல. 45 அம்பியர் டோர்ச் நிமிடத்துக்கு 170 முதல் 190 லீற்றர் வரை இழுக்கும். சில்லுக்குக் காற்றடிக்கும் சிறிய கொம்பிறசர் ஓரிரு நிமிடத்தில் களைத்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பாறு. வாடைக்காற்றுக் காலத்தில் சுவரே வியர்க்கும் ஊர் இது. அந்த ஈரக்காற்றை அழுத்தும்போது நீர் பிரிந்து டோர்ச்சுக்குள் போகிறது. டோர்ச்சின் உள்ளே உள்ள செம்பு மின்வாயின் நுனியில் ஹாப்னியம் என்ற உலோகத்தின் சிறு பொட்டு உண்டு. வில் எழுவது அதிலிருந்துதான். ஈரமும் எண்ணெயும் பட்டால் அது விரைவில் குழிந்துவிடும். குழியின் ஆழம் ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றரைத் தாண்டினால் மாற்ற வேண்டும். மின்வாயும் முனையும் ஊர்க்கடையில் கிடைக்காது. ஆகவே நீர் பிரிப்பான், உலர்த்தும் வடி ஆகிய இரண்டும் இல்லாமல் டோர்ச்சை மூட்டாதீர்கள். கொம்பிறசர்த் தாங்கியின் அடித்திருகை ஒவ்வொரு மாலையும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

வாங்குவதா, வெட்டுவித்து எடுப்பதா?

எமது கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். தனியொருவர் தொடங்கும் முதற் பட்டறைக்கு இந்த மேசை பொருந்தாது. பல இலட்சம் ரூபா பெறுமதியான பொருள், நாளொன்றுக்குச் சில மணித்தியாலமாவது ஓடினால்தான் கடனைக் கட்டும். ஒரு கிராமத்தின் கேற் வேலையும் பெட்டி வேலையும் அவ்வளவு நேரம் அதற்குக் கொடுக்கமாட்டா.

தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியைப் பாருங்கள். 1965 இல் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், அதைச் சுற்றித் துவாக்குடிப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான இரும்புப் பட்டறைகள் வளர்ந்தன. 1975 இல் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்ட உதவியுடன் ஒட்டுவேலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் அங்கு அமைந்தது. வாழவந்தான்கோட்டை முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களுக்கு அந்த இடங்கள் தூரமானவை அல்ல. அங்கும் ஒவ்வொரு பட்டறையிலும் எல்லா இயந்திரமும் இருப்பதில்லை. ஒருவர் தகடு வெட்டிக் கொடுப்பார், இன்னொருவர் வளைத்துக் கொடுப்பார், மற்றவர் ஒட்டி முடிப்பார். அவ்வளவு வேலை குவிந்த இடத்திலேயே கூலிக்கு வெட்டுவித்து எடுக்கிறார்கள் என்றால், வாகரையில் நாம் தனித்தனியே மேசை வாங்கத் தேவையில்லை.

ஆகவே கையிருப்பு முதலில் ஒரு நல்ல இன்வேட்டர் ஒட்டுப்பெட்டிக்கும், கிரைண்டருக்கும், கூரைக்கும், பாதுகாப்புப் பொருட்களுக்கும் போகட்டும். அடுத்ததாக 30 அம்பியர்க் கைப்பிளாஸ்மா. ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு, டோர்ச்சை அதன் ஓரமாகத் தேய்த்து ஓட்டினால், ஒரே மாதிரியான இருபது துண்டுகளை ஓரளவு திருத்தமாகவே எடுக்கலாம். வட்டத்துக்குக் கவராயம் போன்ற ஒரு கை பூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட திருத்தம் வேண்டும் வேலைகளுக்கு மட்டும் படத்தை வரைந்து, இயந்திரம் உள்ள நகரப் பட்டறைக்கு அனுப்பி, வெட்டிய துண்டுகளை ஏ-15 வீதியால் ஓடும் பஸ்ஸிலோ லொறியிலோ எடுப்பித்துக்கொள்ளுங்கள். தகட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து எடுப்பதைவிட, அவர்களின் தகட்டிலேயே வெட்டுவிப்பது பெரும்பாலும் இலாபம். 6 மில்லிமீற்றர்த் தடிப்பில் எட்டுக்கு நாலடித் தகடு ஒன்று ஏறத்தாழ 140 கிலோ. அதை ஏற்றி இறக்கும் கூலியே ஒரு செலவு.

தூணுக்கு அடித்தகடு தேவை என்று வையுங்கள்: 150 மில்லிமீற்றர்ச் சதுரம், நான்கு துளை. அந்த ஒரு தகட்டில் 5 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு அடுக்கினால் நீளவாக்கில் 15, அகலவாக்கில் 7 என்று 105 துண்டுகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மிஞ்சும் ஓரத்தில் சிறிய மூலைத்தகடுகளை அடுக்கச் சொல்லுங்கள். இப்படி அடுக்குவதைக் கணினி தானாகவே செய்யும். இதற்கு ஐந்தாறு பட்டறைக்காரர் ஒன்றுசேர்ந்து ஒரே தகட்டில் தத்தம் துண்டுகளை வெட்டுவித்தால், ஒருவருக்கு முழுத்தகட்டின் செலவு விழாது. சங்கமாகச் சேர்ந்து இயங்கும் பழக்கம் வந்த பின்னர், அந்தச் சங்கத்தின் பெயரில் ஒரு மேசை கேட்பது நியாயமான விண்ணப்பமாக இருக்கும்.

படம் வரையப் பழகுங்கள்

இயந்திரத்தை வைத்திருப்பவர் படத்தை எதிர்பார்க்கிறார். படம் வரையத் தெரிந்தவருக்கு மேசை இல்லாமலே அதன் பயன் கிடைக்கிறது. இன்க்ஸ்கேப், லிப்றேகாட், ஃபிறீகாட் ஆகிய மூன்றும் பணம் கட்டாமல் பயன்படுத்தக்கூடிய மென்பொருட்கள். பழைய மடிக்கணினி ஒன்றில் ஓடும். கோப்பை டி.எக்ஸ்.எஃப். என்ற வடிவில் சேமித்து அனுப்புங்கள். அனுப்புமுன் கோடுகள் எல்லா இடத்திலும் மூடியிருக்கின்றனவா, ஒரே கோட்டின்மேல் இன்னொரு கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவு மில்லிமீற்றரா அங்குலமா என்பதை எழுதியும் கொடுங்கள், மாறினால் 25.4 மடங்கு பிழைக்கும்.

தமிழ் எழுத்து வெட்டுவோருக்கு ஒரு தனிக்குறிப்பு. பெயர்ப்பலகைக்கு "வாகரை" என்று எழுத்தைத் துளையாக வெட்டினால், "வ"வின் வயிறும் "க"வின் சுழியும் தனித்துண்டாகிக் கீழே விழுந்துவிடும், எழுத்தே புரியாது. அந்த உட்துண்டைத் தகட்டோடு பிடித்து வைக்க 3 மில்லிமீற்றர் அகலத்தில் ஒன்றிரண்டு பாலம் விட்டு வரையுங்கள். எழுத்தையே துண்டாக வெட்டி ஒட்டுவதென்றால் தொல்லை மறுபக்கம்: மெய்யெழுத்தின் புள்ளிகள் எதனோடும் சேராமல் தனியே நிற்கும். ஆங்கில எழுத்தை மட்டும் வெட்டிப் பழகிய பட்டறையில் இதனை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். கோயில் கேற்றுக்கு வேலும் மயிலும் வரைபவர்களும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும்.

வெட்டிய துண்டு வந்த பின்னர்

கீழ் விளிம்பில் கசடு ஒட்டியிருக்கும். தடித்துக் குமிழ்போல் இருந்து தட்டியதும் உதிர்ந்தால், டோர்ச் மெதுவாகப் போயிருக்கிறது. மெல்லிய கோடாக ஒட்டி, கிரைண்டர் போட்டாலும் போக மறுத்தால், மிக வேகமாகப் போயிருக்கிறது. அடுத்த முறை வெட்டுபவருக்கு இதனைச் சொல்லலாம்.

காற்றால் வெட்டிய விளிம்பில் காற்றிலுள்ள நைதரசன் இரும்புக்குள் புகுந்து அதனை இறுக்கிவிடும். அந்த விளிம்பின்மேல் அப்படியே ஒட்டினால், ஒட்டுக்குள் ஊசித்துளைகள் விழும். வெளியே பார்க்க நல்ல ஒட்டு. பாரம் ஏற்றும் பெட்டியின் கொழுக்கியில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஒட்டுவதற்கு முன் விளிம்பை அரை மில்லிமீற்றர் அளவுக்குக் கிரைண்டரால் தேய்த்துவிடுங்கள். கூர்விளிம்பையும் சற்று உருட்டிவிடுங்கள்; கூரான விளிம்பில் பெயின்ற் நிற்பதில்லை, உப்புக்காற்று முதலில் அங்கேதான் தின்னத் தொடங்கும்.

உயிருக்கு ஆபத்தானவை

மூடிய பீப்பா, எரிபொருள் தாங்கி, தார் பரல் எதையும் வெட்டாதீர்கள். காலியாகத் தெரியும் பரலில் மிஞ்சிய ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். மூடி திறந்திருக்கிறது என்பது பாதுகாப்பு அல்ல.

நாகம் பூசிய தகட்டை வெட்டும்போது எழும் வெண்புகை, மாலையில் குளிர்காய்ச்சலாக வரும். திறந்த இடத்தில், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று வெட்டுங்கள். கண்ணுக்கு 8 ஆம் இலக்கம் அல்லது அதற்கு மேற்பட்ட கருங்கண்ணாடி வேண்டும். வெயிற் கண்ணாடி உதவாது. பிள்ளைகள் வில்லைப் பார்க்காதபடி மறைப்புக் கட்டுங்கள். டோர்ச்சில் உள்ள மின்னழுத்தம் ஒட்டுப்பெட்டியில் உள்ளதைவிடப் பல மடங்கு. ஈரமணலில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்யும் வழக்கத்தை இந்த வேலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

பழைய இரும்பு வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காட்டோரத்திலிருந்தும் பழைய காவலரண் இருந்த இடங்களிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுவரும் குழாய், உருளை, கூம்பு வடிவான இரும்புகளை நிறுவைக்குக்கூட எடுக்காதீர்கள். அது எறிகணையாக இருந்தால், வெட்டும் சூடு மட்டுமல்ல, தட்டும் சுத்தியலே போதும். தொடாமல், அந்த இடத்தை அடையாளப்படுத்தி, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளிடம் இரும்பு வாங்கும் பட்டறை என்ற பெயரே உங்களுக்கு வரக்கூடாது. காசு கிடைக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் தேடிப் போவார்கள்.

பயிற்சி

ஒட்டுவேலையில் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறுவதற்கான பயிற்சிகளைத் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியும் போன்ற அரச நிறுவனங்களில் விசாரியுங்கள். இந்தியாவிலோ மத்திய கிழக்கிலோ பல வருடம் வேலை செய்து கையில் கடதாசி இல்லாமல் திரும்பியவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின்கீழ், மீண்டும் முழுப்பயிற்சியும் எடுக்காமல், செய்துகாட்டிச் சான்றிதழ் பெற வழி உண்டு. செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவரின் கடிதம், சம்பளச் சீட்டு எது இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது தேசிய அடையாள அட்டை கேட்கப்படும். இடப்பெயர்வில் அதைத் தொலைத்தவர்கள் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், அதற்குத்தான் அதிக நாள் எடுக்கும்.